ஸ்விஃப்ட்டில் மாட்டிய 16 அங்குல அலாய் வீல்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையில் சின்னதாக ஒரு வீல் அலைன்மென்ட் ஷெட் வைத்திருக்கிறேன். கீழே உள்ளது எங்களிடம் வந்த ஒரு காரின் கதை. உரிமையாளர் சம்மதம் கொடுத்த பிறகே எழுதுகிறேன். அவர் பெயர், வீல் விற்ற கடை, பேலன்சிங் (வீலின் கனம் சுற்றிலும் சமமா என்று மெஷினில் பார்ப்பது) பார்த்த இடங்கள் எதையும் சொல்லவில்லை. அவர்களில் யாரும் வேண்டுமென்று தப்புச் செய்யவில்லை. எல்லோரும் ஓரளவு சரியாகவே யோசித்திருக்கிறார்கள், இருந்தும் கார் ஆபத்தான நிலையில் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எழுதக் காரணமும் அதுதான்.

பின்னணி

உரிமையாளருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். நாகமலை புதுக்கோட்டையில் வீடு, கப்பலூரில் வேலை. தினமும் நான்குவழிச்சாலையில்தான் போக வர. கார் 2018 மாடல் மாருதி ஸ்விஃப்ட், பெட்ரோல், கீழ் வேரியன்ட். கம்பெனியில் இருந்து வந்த 14 அங்குல ஸ்டீல் டிஸ்க், 165/80 R14 டயர் (முதல் எண் டயரின் அகலம் மி.மீட்டரில், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், கடைசி எண் டிஸ்க்கின் அங்குலம்). அதுவரை வீல் பக்கம் ஒரு குறையும் இருந்ததில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் இரவு சர்வீஸ் ரோட்டில் பள்ளம் தெரியாமல் விட்டிருக்கிறார். முன் இடது டிஸ்க்கின் விளிம்பு மடங்கிவிட்டது. பெண்டு எடுத்தும் காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு ஸ்டீல் டிஸ்க் வாங்கியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் எப்படியும் செலவு, நாலையும் அலாயாக மாற்றிவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. இதில் தப்புச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பாதிப் பேர் அலாய்க்கு மாறுவது இப்படி ஒரு பள்ளத்தில் விழுந்த பிறகுதான்.

பழைய வீல் விற்கும் ஒரு கடையில் 16 அங்குல செட் கிடைத்தது. அகலம் 7 அங்குலம், 205/55 R16 டயரோடு. எட்டுத் துளை வீல், அதாவது இரண்டு பிசிடி (நட்டுத் துளைகளின் நடு வழியே போகும் வட்டத்தின் விட்டம்) அளவுக்குச் சேர்த்துத் துளை போட்டது. புதுசாகக் கறுப்பு பவுடர் கோட்டிங் அடித்திருந்ததால் பார்க்கப் புது வீல் மாதிரியே இருந்தது. உரிமையாளர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவில்லை. தன் காருக்கு நாலு நட்டு, பிசிடி 100 மி.மீ., ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதைச் சொல்லும் எண்) 45-க்குப் பக்கம் என்று தெரிந்துகொண்டுதான் போயிருக்கிறார். கடைக்காரரும் அவர் கண் முன்னால் அளந்து, "ஆஃப்செட்டும் அதே அளவுதான் தம்பி, கவலையே படாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். இந்த ஒரு வாக்கியத்துக்குக் கீழே மறுபடி வருவேன்.

மாட்டும்போது காரின் சொந்த நட்டு புது வீலின் குழிக்குள் போகவில்லை. குழி ஒடுக்கம், பானா நுழைய இடமில்லை. செட்டோடு ஒரு பையில் 16 ஒல்லி நட்டு இருந்தது. அதை எடுத்து ஏர் கன்னால் இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். பழைய டிஸ்க்குகளை உரிமையாளர் வீட்டு மாடியில் போட்டு வைத்தார். விற்காமல் வைத்திருந்தது பின்னால் உதவியது.

தொடக்கத்தில் தெரிந்தவை

முதலில் தெரிந்தது ஸ்டியரிங் கனம். வீட்டு வாசலில் திருப்பும்போது இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ரோட்டில் தடம் விழுந்த இடங்களில் கார் தானாக அந்தப் பக்கம் போகப் பார்த்தது. அகல டயர் என்றால் இப்படித்தான் என்று யாரோ சொல்ல, அதை விட்டுவிட்டார்.

அடுத்து நடுக்கம். 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் ஆடத் தொடங்கி 100-க்கு மேல் சற்றுக் குறைந்தது. பேலன்சிங் போட்டார், மெஷின் நாலு வீலுக்கும் பூஜ்யம் காட்டியது, நடுக்கம் அப்படியே இருந்தது. வேறோர் இடத்தில் மறுபடி பேலன்சிங், அங்கும் பூஜ்யம். அலைன்மென்ட் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தார். டயர் பழசு, முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்றுங்கள் என்றார்கள், மாற்றினார். நடுக்கம் ஸ்டியரிங்கில் குறைந்து சீட்டில் ஏறியது.

இந்தக் கடைசித் தகவலை அப்போதே யாராவது கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கலாம். பொதுவாக முன் வீலில் கோளாறு என்றால் கைக்குத் தெரியும், பின் வீலில் என்றால் உட்காரும் இடத்துக்குத் தெரியும். வீல் போன பக்கமெல்லாம் நடுக்கமும் கூடவே போகிறது என்றால் கோளாறு காரில் இல்லை, வீலிலோ அதை மாட்டிய விதத்திலோ இருக்கிறது. அலைன்மென்ட்டுக்கும் நடுக்கத்துக்கும் சம்பந்தம் குறைவு. அலைன்மென்ட் கெட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். இவ்வளவு வேகத்தில் ஆடு, அவ்வளவு வேகத்தில் நில் என்று செய்யாது.

சிவராத்திரிப் பயணம்

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட உசிலம்பட்டிப் பக்கம் கிளம்பினார்கள். பெரியவர்கள் ஐந்து பேர், பின்னால் டிக்கியில் பொங்கல் பானை, அரிசி, விறகு. அவ்வளவு சுமை அந்த வீலோடு அதுவே முதல் தடவை. செக்கானூரணி தாண்டி வேகத்தடை ஒவ்வொன்றிலும் பின்னால் ஒரு சத்தம். பின் சீட்டில் இருந்த அம்மாதான் முதலில் சொன்னது: "எப்பா, யாரோ கோணியைக் கிழிக்கிற மாதிரி கேக்குதுப்பா."

கோயில் மைதானத்தில் இறங்கி மொபைல் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார்கள். பின் மட்கார்டின் உள் மடிப்பு விளிம்பில் பெயின்ட் போய் இரும்பு பளபளத்தது. டயரின் வெளித்தோளில் சுற்றிலும் சீவியது போல ஒரு கோடு. திரும்பும்போது இரண்டு பேரைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு மெதுவாக ஓட்டி வந்தார்.

வழியில் பின் வலது டயர் பஞ்சர். காரில் இருந்த வீல் ஸ்பேனர் புது வீலின் குழிக்குள் நுழையவில்லை. ஸ்டெப்னி கையில் இருந்தும் மாற்ற வழியில்லை. பக்கத்து ஊர் பஞ்சர் கடைக்காரர் டி.வி.எஸ். வண்டியில் வந்து ஒல்லி சாக்கெட் போட்டுக் கழற்றினார். ஒரு நட்டு கழன்று வரவே மாட்டேன் என்றது. மொத்தமும் பானா போட்டே திருகி எடுத்தார். கையில் வைத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "மரை கடிச்சிருக்கு தம்பி, இது உங்க வண்டி நட்டு இல்ல. நாளைக்கே எங்கயாவது காட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார். அதுவரை இந்தக் காரைப் பார்த்தவர்களில் சரியான இடத்தில் கை வைத்தது அவர்தான்.

ஷெட்டில் அளந்தவை

மறுநாள் காலை கார் எங்களிடம் வந்தது. பேலன்சிங் மெஷின் பக்கமே போகாமல் நட்டில் இருந்து தொடங்கினோம்.

ஸ்விஃப்ட்டின் ஸ்டட், அதாவது ஹப்பில் (வீல் வந்து உட்காரும் நடுப்பகுதி) நீட்டிக்கொண்டிருக்கும், நட்டு ஏறும் மரைக்கம்பி, 12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.25 மி.மீ. பையில் வந்த நட்டோ 12-க்கு 1.5. ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்களில் வரும் அளவு அது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 1.25 ஸ்டட்டில் 1.5 நட்டைக் கையால் போட்டால் ஒன்றிரண்டு சுற்றுப் போய் நின்றுவிடும். அங்கே நிறுத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். ஏர் கன்னுக்கு அது தெரியாது. ஸ்டட்டின் மரையைச் சீவிக்கொண்டே உள்ளே போகும். பாதி வழியில் இறுகிக்கொள்ளும். இறுகியது வீலை ஹப்போடு அழுத்தியதால் இல்லை, மரைக்குள் சிக்கியதால். பானா வைத்துப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். வீலைப் பிடித்திருக்க வேண்டிய அழுத்தம் மட்டும் பாதி கூட இருக்காது.

நட்டுகளைக் கழற்றியபோது துணியில் இரும்புத் தூள் மின்னியது. 16 ஸ்டட்டில் ஆறில் மரை வெளிப்படையாகக் கெட்டிருந்தது. மற்றவற்றில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வீலைக் கழற்றியதும் அடுத்தது தெரிந்தது. ஸ்விஃப்ட் ஹப்பின் நடு மேடு 54.1 மி.மீ. புது வீலின் நடுத்துளை வெர்னியரில் 73 காட்டியது. பல கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்று வெளிச்சந்தை அலாய்களில் நடுத்துளையைப் பெரிதாகவே விடுவார்கள். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். இந்தக் காரில் வளையம் இல்லை, சுற்றிலும் ஒன்பதரை மி.மீ. காலி.

வளையம் இல்லாவிட்டாலும் நட்டின் கூம்பு முனை வீலை ஓரளவு நடுவுக்குக் கொண்டுவரும். அதற்கு வீல் தரையில் படாமல் தொங்க வேண்டும், நட்டுகளைக் கையால் போட்டு எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், கூம்பு உட்காரும் இடம் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். இங்கே மூன்றும் இல்லை. கூம்புக் குழியில் கெட்டியாகப் பவுடர் கோட்டிங், நட்டு கூம்பில் உட்காரும் முன்பே மரையில் சிக்கிவிட்டது. ஆக வீல் அதன் கனத்துக்கு எவ்வளவு கீழே இறங்கியதோ அங்கேயே நின்றுவிட்டது.

பேலன்சிங் மெஷின் இரண்டு இடத்திலும் பூஜ்யம் காட்டியதற்கு விடை இதில் இருக்கிறது. மெஷின் வீலை அதன் நடுத்துளையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறது. அந்த மையத்துக்கு வீல் சமமாகத்தான் இருந்தது. காரில் மாட்டும்போது மையம் வேறு. கடியார கேஜ் (சின்ன விலகலையும் முள்ளில் காட்டும் அளவுகருவி) வைத்து, காரில் மாட்டியபடியே வீலைச் சுற்றிப் பார்த்ததில் முன் வீல் இரண்டும் ஒரு மில்லிக்கு மேல் மையம் விலகி ஓடின. அதே வீல் மெஷினில் நேராக ஓடியது. மெஷின் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்வி வேறு, அவ்வளவுதான்.

ஆஃப்செட் குழப்பம்

அப்புறம் ஆஃப்செட். வீலின் அகலத்துக்கு நடுக்கோட்டில் இருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு வெளிப்பக்கமாக இருக்கிறது என்பது அந்த எண். எண் குறையக் குறைய வீல் மட்கார்டுக்கு வெளியே தள்ளும். வழக்கமாக வீலின் பின்புறத்தில் ஈ.டி. என்று அச்சாகியிருக்கும். இதில் கோட்டிங் அதை மூடிவிட்டது.

வீலைக் கவிழ்த்துப் போட்டு, பின் விளிம்பின் குறுக்கே நேர்ச்சட்டம் வைத்து, அதில் இருந்து ஒட்டும் முகம் வரை ஆழம் பார்த்தோம். 137 மி.மீ. கடைக்காரரும் இதையேதான் அளந்திருக்கிறார். அதன் பிறகு அவர் செய்த கணக்கை உரிமையாளர் மொபைலில் எழுதி வைத்திருந்தார்: 7 அங்குலம் என்றால் 178 மி.மீ., பாதி 89, 137-ல் 89 போக 48. 'கிட்டத்தட்ட 45' என்றது இப்படித்தான் வந்திருக்கிறது.

தப்பு எங்கே என்றால், 7 அங்குலம் என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம். நேர்ச்சட்டம் வைத்ததோ வெளி விளிம்பில். ஒவ்வொரு பக்கமும் விளிம்பு ஏறக்குறைய அரை அங்குலம் கூடுதல். அப்படியானால் கணக்கில் வர வேண்டியது முழு அகலம், 203 மி.மீ. பாதி 101.5. 137-ல் அது போக 35-தான் வருகிறது. பழைய ஸ்டீல் டிஸ்க்கை மாடியில் இருந்து கொண்டுவரச் சொல்லி அதையும் அதே மாதிரி அளந்தோம். ஆழம் 121, முழு அகலம் 152, பாதி 76, ஆஃப்செட் 45. கடைக்காரர் தன் முறையிலேயே பழைய டிஸ்க்கையும் அளந்திருந்தால் 57 அல்லது 58 வந்திருக்கும், ஏதோ இடிக்கிறதே என்று அங்கேயே தெரிந்திருக்கும். அவர் இன்டர்நெட்டில் பார்த்த சரியான எண்ணையும் தான் தப்பாக அளந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் பொருந்திப் போனது அவருக்கும் உரிமையாளருக்கும் கெட்ட நேரம்.

35-க்கும் 45-க்கும் பத்து மில்லிதானே வித்தியாசம் என்று உரிமையாளர் கேட்டார். டயர் அகலத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பழைய டயர் 165, பாதி 82.5. அதில் 45 போனால், ஒட்டும் முகத்தில் இருந்து வெளியே 37.5 மி.மீ. நிற்கிறது. புது டயர் 205, பாதி 102.5. அதில் 35 போனால் 67.5. ஒவ்வொரு பக்கமும் டயர் 30 மி.மீ. வெளியே வந்திருக்கிறது. உள்பக்கமும் 10 மி.மீ. போயிருக்கிறது. முழு உயரம் 620 மி.மீட்டரில் இருந்து 632 ஆகியிருக்கிறது. காலியாக நிற்கும்போது மட்கார்டுக்குள் ஒரு விரல் போகிறது, பார்க்கவும் எடுப்பாக இருக்கிறது. ஐந்து பேர் உட்கார்ந்து ஸ்பிரிங் இறங்கினால் அந்த விரல் இடம் இல்லை. முன் பக்கம் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்லைனரை உரசியது, அங்கேயும் பிளாஸ்டிக் கிழிந்திருந்தது.

ஸ்டியரிங் கனத்துக்கும் தடம் இழுத்ததற்கும் பெரும்பங்கு இதுதான். டயரின் நடுக்கோடு வெளியே நகர்ந்தால் ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கும் அதற்கும் உள்ள தூரம் மாறிவிடும். ரோட்டில் உள்ள ஒவ்வொரு மேடும் கையை இழுக்கும்.

என்ன செய்வது: பேசிய வழிகள்

அன்று காரை வெளியே விடவில்லை. உரிமையாளர் ஷேர் ஆட்டோவில் போனார். மரை கெட்ட ஸ்டட்டோடு கார் ரோட்டுக்குப் போவதில் பேச்சுக்கே இடமில்லை. கெட்டது ஆறுதானே, அதை மட்டும் மாற்றலாமா என்று கேட்டார். 16-ஐயும் மாற்றச் சொன்னோம். தவறான நட்டோடு ஏர் கன்னில் இழுபட்ட ஸ்டட் நீண்டிருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒன்றின் விலையும் பெரிதில்லை. மறுநாள் ஸ்டட் மாற்றி, மடங்கிய டிஸ்க்கை ஒதுக்கி, மீதி மூன்று பழைய டிஸ்க்கும் ஸ்டெப்னியும் போட்டு, காரின் சொந்த நட்டோடு அனுப்பினோம். அன்று மாலையே நான்குவழிச்சாலையில் 90-ல் ஓட்டிப் பார்த்துவிட்டு, நடுக்கம் சுத்தமாக இல்லை என்று போன் செய்தார்.

அந்த 16 அங்குல செட்டை என்ன செய்வது என்பதுதான் பெரிய பேச்சு. காசு போட்டு வாங்கியது, உரிமையாளருக்கு விட மனசில்லை. விற்ற கடையில் இருந்தும் ஆலோசனைகள் வந்தன.

பின் ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர் போட்டால் கார் இறங்காது, உரசாது என்றார்கள். ஊரில் நிறையப் பேர் போடுகிறார்கள்தான். ஆனால் 30 மி.மீ. வெளியே வந்த டயர் அங்கேயேதான் இருக்கும். உரசல் இன்னும் பெரிய பள்ளத்தில் வரும், ஸ்பிரிங்கின் வேலையும் மாறிவிடும். சத்தத்தை மறைப்பதற்கு அது ஒரு வழி.

மட்கார்டு விளிம்பைத் தட்டி மடக்கலாம் என்பது இன்னொன்று. பெயின்ட் போன இடத்தில் துரு பிடிக்கும், டயர் அப்படியும் பாடியைத் தாண்டித்தான் நிற்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அளவுகளை மாற்றுவது பற்றிப் பேசுகிறது. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் டயர்தான் சோதனையில் முதலில் கண்ணில் படும்.

மூன்றாவதாக, 15 அங்குலத்தில் 195/50 டயர் போட்டால் எதுவும் உரசாது என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். உரசாது, உண்மை. ஆனால் அந்த டயரின் முழு உயரம் 576 மி.மீ.தான். கார் 22 மி.மீ. தரைக்கு இறங்கும். நம் ஊர் வேகத்தடைகளுக்கு அது தாங்காது. அதைவிட முக்கியம், அந்த அளவில் வழக்கமாக வருவது 82 என்ற சுமைக் குறியீடு. ஒரு டயர் 475 கிலோ தாங்கும். கம்பெனி டயர் 85, அதாவது 515 கிலோ. குலதெய்வத்துக்கு ஐந்து பேரும் விறகும் ஏறிப் போகும் காருக்குச் சுமைக் குறியீட்டைக் குறைப்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வளையமும் சரியான நட்டும் போட்டு அதே வீலை ஓட்டலாமா என்பதும் வந்தது. 54.1-க்கு 73.1 அலுமினிய வளையம் லேத்தில் கடைந்து வாங்கிவிடலாம். நடுக்கம் போய்விடும். ஆஃப்செட்டை மட்டும் எந்த வளையமும் மாற்றாது. ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தகடு) போட்டால் இன்னும் வெளியேதான் போகும். இந்த இடத்தில்தான் உரிமையாளர் மனசு மாறினார்.

எடுத்த முடிவு

இதே மாடலின் மேல் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுப்பது 185/65 R15. முழு உயரம் 622 மி.மீ., பழையதோடு இரண்டு மில்லி வித்தியாசம். வழக்கமான சுமைக் குறியீடு 88, ஒரு டயருக்கு 560 கிலோ. சஸ்பென்ஷன், மட்கார்டு எல்லாம் அந்த அளவை நினைத்தே வடிவமைத்தவை. அளவைப் பற்றி நாங்கள் ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை. ஆக 15 அங்குலம் என்று முடிவானது.

உரிமையாளர் முதலில் கேட்டது வேறு. 7 அங்குல அகலத்தில், நடுவில் குழிந்த மாதிரி ஒரு புது 15 அங்குல அலாய். பின்னால் ஈ.டி. 25 என்று போட்டிருந்தது. அது 16 அங்குலக் கதையின் இரண்டாம் பாகம். கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டியதும் அவரே வேண்டாம் என்றார்.

கடைசியில் மேல் வேரியன்ட் காரில் இருந்து கழற்றிய கம்பெனி அலாய் செட் ஒன்று மதுரையிலேயே கிடைத்தது. இப்படிக் கழற்றிய செட்டுகள் அடிக்கடி வரும். பெரிய வீலுக்குப் போகிறவர்கள் விட்டுச் செல்வது. வாங்கும் முன் எங்களிடம் கொண்டுவரச் சொன்னோம். மெஷினில் சுற்றி வளைவு பார்த்தோம். நட்டுக் குழிகளைச் சுற்றியும் கம்பிகள் வளையத்தைத் தொடும் மூலைகளிலும் துடைத்து விரிசல் பார்த்தோம். ஒரு வீலில் உள்விளிம்பு லேசாக அடிபட்டிருந்தது, ஓட்டம் நேராக இருந்ததால் அதைப் பின்னால் போடச் சொன்னோம். நடுத்துளை ஹப்பில் கையால் தள்ளும்போது ஆட்டமில்லாமல் போய் உட்கார்ந்தது. காரின் சொந்த நட்டே பொருந்தியது, காரின் ஸ்பேனரும் குழிக்குள் போனது. டயர் மட்டும் புதுசாக வாங்கினார். பழைய 16 அங்குல டயர்களில் இருந்த நாலு இலக்கத் தயாரிப்புத் தேதி எண்ணைப் படித்துக் காட்டிய பிறகு அவருக்குப் பழைய டயர் ஆசை இல்லை.

மாட்டும்போது ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்தோம். நட்டு எல்லாம் கையால். பிறகு எதிரெதிராக, கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் பானா). இந்தத் தடிமன் ஸ்டட்டுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை சொல்வார்கள். கார் கையேட்டில் உள்ள எண்ணையே வைத்தோம். பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, டிக்கியில் ஷெட்டில் கிடந்த சிமென்ட் மூட்டையையும் ஏற்றி, வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். முன் பக்கம் ஸ்டியரிங்கை இரு புறமும் முழுக்க ஒடித்துப் பார்த்தோம். எங்கும் படவில்லை.

பிறகு நடந்தவை

100 கி.மீ. ஓடிய பிறகு நட்டு இறுக்கம் மறுபடி பார்க்க வரச் சொல்லியிருந்தோம், வந்தார். எதுவும் தளரவில்லை. நடுக்கம் இல்லை, ஸ்டியரிங் பழையபடி லேசானது. சித்திரையில் அதே ஐந்து பேரோடு கொடைக்கானல் போய் வந்தார்கள். வத்தலக்குண்டு தாண்டி மலை வளைவுகளில் கூடச் சத்தம் வரவில்லையாம். ஸ்டெப்னி 14 அங்குலம்தான், அப்படியே விட்டோம். முழு உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் பஞ்சர் கடை வரை போக அது போதும். 16 அங்குலம் மாட்டியிருந்தபோது இதே ஸ்டெப்னி 12 மி.மீ. சிறுசு.

வெளிச்சந்தை வீலாக இருந்தாலும் மேல் வேரியன்ட் வீலாக இருந்தாலும், கார் விற்கும்போது வந்தது இல்லை என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கூடுதல் பொருளாகத் தெரிவித்து வைக்கச் சொன்னோம். புதுப்பிக்கும் சமயத்தில் சேர்த்துவிட்டார்.

ஒரு விஷயம் மட்டும் முடியவில்லை. மழைக்காலத்தில் முன் வலது வீல் பேரிங் முனகத் தொடங்கி, மாற்ற வேண்டி வந்தது. வெளியே தள்ளிய வீல் பேரிங்குக்குக் கூடுதல் சுமை தரும் என்பது சரி. ஆனால் அந்த செட் காரில் இருந்தது சில வாரங்கள்தான். காரோ நிறைய ஓடியது, கண்மாய் நிறைந்த நாட்களில் தண்ணீரிலும் ஓட்டியிருக்கிறார். வீலால்தான் போனது என்று நான் சொல்ல மாட்டேன். உரிமையாளர் சொல்கிறார்.

மாற்றிக்கொண்டவை

எங்கள் ஷெட்டில் இப்போது நடுக்கம் என்று வரும் காரில், வெளிச்சந்தை வீல் இருந்தால், மெஷினுக்குப் போகும் முன் ஒரு வீலைக் கழற்றி நடுத்துளையும் நட்டு மரையும் பார்த்துவிடுகிறோம். 1.25, 1.5 இரண்டிலும் ஒவ்வொரு ஸ்டட் துண்டை மேஜையில் பற்ற வைத்திருக்கிறோம். சந்தேகப்படும் நட்டை அதில் கையால் திருகிப் பார்த்தால் முடிந்தது. நட்டின் முனைக்கும் இதே கவனம் வேண்டும். ஹோண்டா கம்பெனி வீலுக்கு வருவது உருண்டை முனை நட்டு, வெளிச்சந்தை அலாய்க்குக் கூம்பு முனை. மரை சரியாக இருந்தும் முனை மாறினால் அழுத்தம் ஒரு கோட்டில்தான் விழும்.

பழைய வீல் வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்கச் சொல்வது பிசிடி இல்லை, அதை எல்லோரும் கேட்கிறார்கள். காரில் இப்போது இருக்கும் வீலில் ஒன்றைக் கழற்றிக் கூடவே எடுத்துப் போங்கள். ஒரே நேர்ச்சட்டம், ஒரே டேப், இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். அளக்கும் முறையில் பிழை இருந்தாலும் இரண்டிலும் பிழை இருக்கும், வித்தியாசம் அப்போதும் கண்ணில் படும். அதற்கப்புறம் காரின் சொந்த ஸ்பேனர் குழிக்குள் போகிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. புது வீல் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பின்புறம் அச்சான அளவும் இல்லாமல் வாங்க வேண்டாம்.

விற்ற கடைக்காரரிடம் உரிமையாளரே போய் இந்தக் கணக்கைக் காட்டியிருக்கிறார். சண்டை எதுவும் இல்லை. அவர் செட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் வேறு ஆளுக்கு விற்றுக் கொடுத்தார். உரிமையாளருக்குக் கொடுத்த காசில் பாதிக்குச் சற்று மேலே திரும்பியது. கைமாறும் முன் நாலு வீலின் உள்பக்கமும் ஈ.டி. 35, நடுத்துளை 73 என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிக் கொடுத்தோம். ஒல்லி நட்டுப் பையின் மேல் 12-க்கு 1.5 என்று எழுதினோம்.